ஸ்டோர்க்காரர்கள் பூசிய சுவர்

நாற்பதாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். தானியேல் சுருளிக்குக் கொடுக்க வேண்டிய சம்பளப் பாக்கி அது. போடிமெட்டுக்கு மேலே தானியேல் ஒரு ஏலக்காய் ஸ்டோரைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். ஸ்டோர் என்றால் பச்சைக் காயை அடுப்புச் சூட்டில் உலர்த்தி எடுக்கும் கட்டடம். அங்கே இரண்டு வருடம் காய் உலர்த்தியவன் சுருளி. அதற்கு முன்பு வேறு ஸ்டோர்களில் இருபது வருடம். காய் விலை சரிந்த வருடத்தில் குத்தகைப் பணம் கட்டவே தானியேலுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஸ்டோரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போடிக்கு இறங்கி வந்தவர், சுருளியின் தலையைக் கண்டால் வேறு தெருவில் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

அந்தப் பணத்தை நம்பித்தான் சுருளியும் அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சியும் வீடு வாங்கியிருந்தார்கள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் வாடகை வீடு. இது முதல் சொந்த வீடு. வீடு என்று பத்திரத்தில்தான் எழுதியிருந்தது. போய்ப் பார்த்தால் அறுபது வருடத்து ஓட்டுக் கட்டடம், மண் வைத்துக் கட்டிய சுவர், சுண்ணாம்புப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடந்தது. உள்ளே படுத்துக்கொண்டே ஓட்டு வழியாக வானத்தைப் பார்க்கலாம். எலிகள் ஒன்றும் இவர்களைக் கண்டு பயந்து ஓடவில்லை. வாடகை வீட்டுக்காரரோ மகன் கல்யாணத்துக்கு வீடு வேண்டும், புரட்டாசி முடியக் காலி செய்து கொடு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஐப்பசி பிறந்தால் மழை. சுருளிக்கும் பூப்பாறைப் பக்கம் ஒரு ஸ்டோரில் ஐப்பசியில்தான் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் கூரை மாற்றி, சுவர் பூசி, குடியேற வேண்டும்.

கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் சுவரில் ஒரு தட்டுத் தட்டினார், மேலே ஒரு பார்வை பார்த்தார், சாமான் உங்களுடையது, கூலி மட்டும் நாற்பத்தைந்தாயிரம் என்றார். கையில் சாமானுக்குத்தான் காசு இருந்தது. கூலிக்கான காசு தானியேலிடம் இருந்தது. தானியேலிடம் காசு இல்லை.

சுருளி மூன்று ஞாயிற்றுக்கிழமை தானியேல் வீட்டுக்குப் போய் வந்தான். முதல் வாரம் ஆள் சர்ச்சிலிருந்து வரவில்லை. இரண்டாம் வாரம் தேனிக்குப் போயிருந்தார். மூன்றாம் வாரம் கொல்லைக் கதவு சாத்தும் சத்தம் இவன் காதிலேயே விழுந்தது. இருந்தாலும் மூன்று தடவையும் அந்த வீட்டம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். மூன்று காப்பிக்கு எவ்வளவு கழிக்கலாம் என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

நான்காம் வாரம் அவளே போனாள். மலைக்குக் காய் பறிக்கப் போகிறவள் அவள். பழுத்த காயை மட்டும் விரல் நுனியில் தேடி எடுத்து, பிஞ்சை விட்டுவிட்டு நகர்கிற பொறுமை இருந்தது. போய், வாசலில் ஒரு குரல் கொடுத்துவிட்டு, கொல்லைக் கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. தானியேல் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அவருக்கு முகம் செத்துவிட்டது. ஒளிந்தது தப்புத்தான், ஆனால் சத்தியமாகக் காசு இல்லை என்றார். இருந்த நகையும் அடகில், மகள் ஷாரோன் மதுரையில் படிக்கிறாள், விடுதிக் கட்டணமே இழுத்துக்கோ பறித்துக்கோ என்று இருக்கிறது என்றார்.

"இப்ப எங்கிட்ட இருக்கறது இந்த ரெண்டு கையிதான் தங்கச்சி."

"அதத்தான அண்ணாச்சி கேக்க வந்தேன்" என்றாள் முத்துப்பேச்சி.

பேச்சு அங்கேயே முடிந்தது. கொத்தனாருக்குச் சாந்து எடுத்துக் கொடுக்கும் ஆளை நிமிந்தாள் என்பார்கள். அந்தக் கூலி, நாளைக்கு எழுநூற்று ஐம்பது. தானியேல் வந்து வேலை பார்க்கிற ஒவ்வொரு நாளுக்கும் அவ்வளவு பாக்கியில் கழியும். ஞாயிறு லீவு. மத்தியானச் சோறு இவர்கள் வீட்டில்.

செய்தியைக் கேட்ட சுருளிக்கு வியர்த்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக யாராவது சொல்லித்தான் அவனுக்கு வேலை செய்து பழக்கம். முதலாளியைப் போய் அந்தச் சட்டியைத் தூக்கு, இந்த மண்ணை வெட்டு என்று எப்படிச் சொல்வது? வாயில் வராது என்றான். வாயில் வராவிட்டால் கையைக் காட்டு என்றாள் அவள்.

ஆவணி இரண்டாம் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை தானியேல் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கடிகாரம். சுருளி எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அன்று முழுவதும் சுருளி கூரை மேலிருந்து ஓடு இறக்கினான், இறங்கி வந்து அதை வாங்கி அடுக்கினான், மறுபடி ஏறினான். தானியேல் பக்கத்தில் நின்று, ஸ்டோரில் சொன்னதைப் போலவே பார்த்து, பார்த்து, அங்கே பிடி, இங்கே வை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய முத்துப்பேச்சி, புருஷனின் சட்டையையும் தானியேலின் சட்டையையும் பார்த்தாள். ஒன்று புழுதி, ஒன்று வெள்ளை.

"இன்னிக்கு எழுநூத்தம்பது கழிச்சாச்சு" என்றாள். "யாரு வேலைக்குன்னுதான் தெரியல."

மறுநாள் தானியேல் பழைய பனியனோடு வந்தார்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. இறக்கிய ஓடுகளை முத்துப்பேச்சி தான் வேலைக்குப் போகாத நாட்களில் தரம் பிரித்தாள். ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிச் சத்தம் கேட்டு, நல்லது, விரிசல், குப்பை என்று மூன்று குவியல். ஏலக்காயைக்கூட இவ்வளவு வெரசாப் பிரித்ததில்லை. பாதி ஓடு தேறியது. மீதிக்கு ராசிங்காபுரத்தில் இடித்த வீடு ஒன்றிலிருந்து பழைய ஓடு ஒரு லோடு வாங்கினார்கள். கூரையைத் தாங்கும் பனங்கைகளில் உளுத்துப்போனதை எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். அவற்றின் மேல் குறுக்காக முதல் தடவை வரிச்சல் சட்டம் அடித்தபோது ஓடு உட்காரவில்லை. இடைவெளியைச் சுருளி ஜாணால் அளந்திருந்தான், தானியேல் மறுபக்கம் தன் ஜாணால் அளந்திருந்தார். இரண்டு ஜாணும் ஒன்றில்லை. பிடுங்கி மறுபடி அடித்தார்கள். வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வந்தது. சுருளியின் வாயும் பழகியது. "மொதலாளி, அந்த மம்பட்டியக் கொண்டாங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். தானியேல் கொண்டுவந்து கொடுத்தார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

கூரை முடிந்தது. இனிச் சுவர். ஷாரோன் அப்பாவின் போனுக்குச் சுவர் பூசுவது எப்படி என்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். மலையாளத்தில் ஒரு ஆள் சிரித்துச் சிரித்துப் பூசினான். மலையில் இருந்தவர்களுக்கு மலையாளம் ஒரு சங்கடமே இல்லை. இருவரும் சாந்துக் கலவை எவ்வளவு, எவ்வளவு கனம், கரண்டியை எப்படிப் பிடிப்பது எல்லாம் நான்கு தடவை பார்த்தார்கள். பூசி முடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது அடுத்த பாகத்தில் வரும் என்றான் அந்த ஆள். பூசி முடித்தால் காய வேண்டும், வேறென்ன? காய வைப்பதைப் பற்றி இவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவன் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டுமா? அடுத்த பாகத்தைத் திறக்கவே இல்லை.

வீட்டுக்காரன் என்கிற முறையில் சுருளி பூசினான். தானியேல் சாந்து எடுத்துக் கொடுத்தார். நடு அறையும் முன் அறையும் ஐந்து நாளில் முடிந்தன. சுருளியின் கை கனமான கை. சுவர் அங்கங்கே பூசணிக்காய் மாதிரி பிதுங்கித் தெரிந்தது. ஆனாலும் சுவர் சுவர்தான் என்று முத்துப்பேச்சி தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

சனிக்கிழமை காலை அவள் ஜீப்பில் ஏறிப் போன பிறகு வானம் மூடிக்கொண்டு வந்தது. மேற்கே மலை தெரியவில்லை. சுவர் கருகருவென்று ஈரத்தோடு நின்றது. மழைக் காற்று அடித்தால் இது எப்போது காயும் என்று சுருளிக்குக் கவலை வந்தது. தானியேலுக்கும் அதே கவலைதான்.

"அம்பது டிகிரி குடுத்தா எல்லாம் சரியாயிரும்" என்றார்.

"எடுத்ததும் அம்பது வேணாம் மொதலாளி. ஆவி போகட்டும், மொதல்ல கம்மியா வைப்போம்" என்றான் சுருளி.

அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் இருபது வயது குறைந்துவிட்டது. ஒரு பழைய தார் டின்னை அடுப்பாக்கினார்கள். தகரக் குழாய் வைத்துப் புகையை ஜன்னல் வழியே வெளியே விட்டார்கள். நல்ல காய்ந்த விறகு. முதல் இரண்டு மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்து ஆவியை வெளியே அனுப்பினார்கள். பிறகு சாத்தி, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். சுருளி சுவரில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தான். தானியேல் இன்னும் ரெண்டு கட்டை போடு என்றார். ஸ்டோரில் போட்ட அதே சண்டை, அதே சிரிப்பு. அடுப்பை அடுத்த அறைக்கு நகர்த்தி அங்கேயும் அதே பக்குவம். மத்தியானம் சோறு தின்னவே மறந்துபோனார்கள். சாயங்காலம் சுவர் சாம்பல் வெள்ளையாக, தட்டினால் டொக் என்று சத்தம் கொடுக்கிற பதத்தில் நின்றது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

முத்துப்பேச்சி வந்து கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. உள்ளே இரண்டு பேரும் சட்டை இல்லாமல், வியர்வை ஒழுக, பரிசு வாங்கப் போகிற பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

"எப்படி காஞ்சிருக்கு பாரு பேச்சி" என்றான் சுருளி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுருளியும் முத்துப்பேச்சியும் போய்க் கதவைத் திறந்தபோது சுவர் முழுவதும் வெடிப்பு, தண்ணீர் வற்றிய கண்மாய் மாதிரி. அவள் விரலால் தொட்டாள். ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. உள்ளங்கையால் தேய்த்தாள். மாவு மாதிரி கொட்டியது. சுருளி தரையில் கிடந்த சில்லை எடுத்து நுனி நாக்கில் வைத்துப் பார்த்தான். ஏலக்காயாக இருந்தால் பதம் தெரிந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் சத்தம் கேட்டு வந்தாள். இருபது வருடமாகக் கட்டட வேலையில் சித்தாள். சுவரைப் பார்த்தாள், தார் டின்னைப் பார்த்தாள், தகரக் குழாயைப் பார்த்தாள்.

"தண்ணி காட்டுனீங்களா?"

"தண்ணியா?" என்றான் சுருளி. "அதப் போக்கத்தானக்கா அடுப்பே வச்சோம்."

கருத்தம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். நின்றுகொண்டு சிரிக்க முடியாமல் சிமெண்டு மூட்டையில் உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடுப்பைப் பார்த்தாள், மறுபடி சிரித்தாள். பிறகுதான் விவரம் சொன்னாள். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீர் குடித்துத்தான் இறுகும். பூசின மறுநாளிலிருந்து ஏழு நாள், காலையும் மாலையும் சுவரை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடு காட்டினால் செத்துப்போகும். இனி இதைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் பூச வேண்டும்.

"ஏலக்காயச் சுட்டாப்புல சுவரையும் சுட்டுப்புட்டீகளேப்பா" என்றாள் போகும்போது. மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, தானியேல் காதுக்கும் போய்விட்டது.

சுருளிக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பப் பூசச் சிமெண்டும் மணலும் ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் ஆகும் என்று கணக்கு வந்தது. கையில் இருந்தது ஆயிரத்துச் சொச்சம். புரட்டாசி முடிய மூன்று வாரம்கூட இல்லை. திங்கட்கிழமை தானியேல் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. சுருளி தனியாகச் சுவரைச் செதுக்கினான். ஆள் பழையபடி கொல்லைக் கதவு வழியாகப் போய்விட்டார் என்று சாயங்காலம் சொன்னான். அவர் இருபத்தேழு நாள் வந்து கழித்ததே பெரிசு, விட்டுவிடு என்றான். முத்துப்பேச்சியோ வேறு வாடகை வீடு எங்கே காலியாக இருக்கிறது என்று ஜீப்பில் கூட வந்தவர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

புதன்கிழமை காலை ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. மேலே சிமெண்டு மூட்டை, மணல். மூட்டை மேல் தானியேல் உட்கார்ந்திருந்தார். ஸ்டோரை விட்டு வந்தபோது அவர் கையோடு கொண்டுவந்தது ஒரு எடை மிஷின்தான். திரும்பத் தொழில் தொடங்கினால் ஆகுமென்று வைத்திருந்தார். அதைத் தேவாரம் ஊரில் ஒரு கடைக்காரருக்கு விற்றுவிட்டு, அந்தக் காசில் சாமானை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அம்பது டிகிரின்னு சொன்னது நான்தான சுருளி" என்றார்.

சாமானின் முழு விலையையும் பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்றான் சுருளி. ஒரு பைசா கழிக்கக்கூடாது என்றார் தானியேல். இருவரும் வாசலில் நின்று மல்லுக்கட்டினார்கள். ஆட்டோக்காரர் வாடகையைக் கொடுத்துவிட்டுச் சண்டை போடுங்கள் என்றார். முத்துப்பேச்சிதான் தீர்த்துவைத்தாள். விறகு வைத்தது இரண்டு பேர், அதனால் தப்பில் ஆளுக்குப் பாதி. சாமான் விலையில் பாதியான மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது மட்டும் பாக்கியில் கழியும்.

இந்தத் தடவை கருத்தம்மாள் வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தாள். முதல் நாளே இரண்டு பேர் கையிலும் கரண்டியைக் கொடுத்து ஒரு முழம் பூசச் சொன்னாள். சுருளி பூசியது பழைய பூசணிக்காய். தானியேல் பூசியதைப் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தாள், ஒரு பிதுக்கம்கூட இல்லை. ஸ்டோரில் அடுப்பு சுருளியுடையது, தட்டு தானியேலுடையது. காலமெல்லாம் தட்டில் காயை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சமமாகப் பரப்பிப் பரப்பி அந்தக் கைக்கு ஒரு மட்டம் வந்திருந்தது.

"அண்ணாச்சி பூசட்டும். நீ சட்டியத் தூக்குப்பா" என்றாள்.

அன்று முதல் வீட்டுக்காரன் சாந்து குழைத்துத் தலையில் சுமந்தான். கடன்காரர் சாரத்தின் மேல் நின்று பூசினார். சாந்து தண்ணியா இருக்கு, கட்டியா இருக்கு, வெரசாக் கொண்டா என்று மேலிருந்து சத்தம் வரும். வர்றேன் மொதலாளி என்று கீழிருந்து பதில் போகும். சுருளிக்கு இது சுகமாகத்தான் இருந்தது.

தண்ணீர் விடுவதுதான் பெரும் பாடாக இருந்தது. இத்தனை வருடம் ஈரத்தை விரட்டியே பிழைத்தவர்கள். நன்றாக இறுகி நிற்கிற சுவரில் வாளித் தண்ணீரை மொண்டு அடிக்க இரண்டு பேருக்கும் கை வரவில்லை. சுருளி கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினான். தானியேல் நனைந்த சுவரைப் பார்த்து, காயெல்லாம் பூஞ்சணம் பிடிச்சுப் போகும் போலருக்கே என்று வாய் தவறிச் சொன்னார். ஏழு நாள் அப்படி நனைத்தார்கள். கடைசி இரண்டு நாளும் மழை தூறியது. கூரை ஒழுகவில்லை. அடுப்படி மூலையில் மட்டும் ஒரு சொட்டு. அங்கே ஒரு குண்டான் வைத்தாள் முத்துப்பேச்சி. சுவரைச் சாவிக்கொத்தால் கீறிப் பார்த்தாள். கோடுகூட விழவில்லை.

ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சினார்கள். சொந்தம் ஏழெட்டுப் பேர், கருத்தம்மாள், தானியேல், அவர் வீட்டம்மா. வந்தவர்கள் எல்லோரும் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். எந்தக் கொத்தனார் என்று ஒருவர் கேட்டார். தானியேல் கேட்காதது போல் கேசரியைத் தின்றார்.

சொந்தங்கள் கிளம்பின பிறகு அவர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் இருபத்தேழு நாள், பாதிச் சாமான், பிறகு பதினைந்து நாள், எல்லாம் கழித்து இன்னும் ஐயாயிரத்து இருநூறு பாக்கி இருக்கிறது என்று அவரே சொன்னார். கிறிஸ்துமஸுக்குள் கொடுத்துவிடுகிறேன், தவணை கொடுங்கள் என்றார். சுருளிக்குப் பொறுக்கவில்லை. அதெல்லாம் தள்ளுபடி மொதலாளி, போங்க என்றான்.

"தள்ளுபடியெல்லாம் கிடையாது" என்றாள் முத்துப்பேச்சி.

தானியேலின் வீட்டம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சுருளி பெண்டாட்டியை முறைத்தான். அவள் கருத்தம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ஏக்கா, கரண்டி பிடிச்சுச் சுவரு பூசறவுகளுக்கு நாளைக்கு என்ன கூலி?"

"ஆயிரத்து நூறு. கை நல்லாருந்தா மேலயே குடுப்பாக."

"அண்ணாச்சி கடைசிப் பதினஞ்சு நாளு என்ன சோலி பாத்தாரு?"

"கொத்தனார் சோலிதான். நான்தான பாத்தேன்."

"நாங்க நிமிந்தாள் கூலில்ல போட்டு வச்சிருக்கோம்" என்றாள் முத்துப்பேச்சி. நாளைக்கு முந்நூற்று ஐம்பது குறைத்துப் போட்டிருக்கிறோம், பதினைந்து நாளைக்கு ஐயாயிரத்து இருநூற்று ஐம்பது என்று விரலை மடக்கிச் சொன்னாள். மலையில் பறித்த காயை எடை போடும்போது கால் கிலோ குறைத்து எழுதினாலே அவளுக்கு அன்று சோறு இறங்காது. சொந்தமாக வீடு வாங்கி, முதல் முதலாக ஒருவருக்குக் கூலி போடும்போதே குறைத்துப் போட்டாள் என்று இருக்கக்கூடாது என்றாள்.

சுருளிக்குக் கணக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தானியேலுக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. வேண்டாம் தங்கச்சி என்று கையை ஆட்டினார்.

"அப்ப நாமதான் மொதலாளிக்குக் குடுக்கணும்" என்றான் சுருளி மெதுவாக. "அம்பது ரூவா."

சட்டைப் பையைத் துழாவினான். பத்து ரூபாய்த் தாள்களாக இருந்தன. ஐந்தை எண்ணி, இரண்டு கையாலும் நீட்டினான். தானியேல் தன் வீட்டம்மாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வாங்கியவர் ஒரு தடவை எண்ணியும் பார்த்தார்.

"சரியா இருக்கு சுருளி" என்றார்.